ஆரஞ்சு விளக்கும் 20 பைட்டும்

1990களின் கடைசியில் ஒரு நடுத்தர அலுவலகத்தின் மொத்தக் கணக்கும் உள்ளங்கைக்குள் அடங்கியது. 4 மில்லிமீட்டர் அகல நாடா சுற்றிய டாட் கேசட் அது. 1996இல் வந்த டிடிஎஸ்-3 வகை 12 ஜிபி கொள்ளும். விநாடிக்குச் சுமார் 1 எம்பி வேகத்தில் எழுதி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2021இல் வந்த எல்டிஓ-9 கேசட் 18 டிபி கொள்கிறது. அதன் வேகம் விநாடிக்கு 400 எம்பி. கொள்ளளவு 1,500 மடங்கு பெருகியது, வேகமோ 400 மடங்குதான் கூடியது. அதனால் முழுக் கேசட் ஒன்றை எழுதி முடிக்க இன்று 12 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. இந்த எண்கள் வியப்பைத் தரலாம். ஆனால் பேக்கப் என்ற வேலையில் ஏற்பட்ட பெரிய மாற்றம் இவற்றில் இல்லை. பேக்கப் நின்றுபோனால் அது யாருக்கு, எப்போது, எப்படித் தெரியவருகிறது என்பதில்தான் இருக்கிறது.

அன்று பேக்கப் எடுத்தவர் ஒரு மனிதர். மாலை வேலை முடியும் நேரத்தில் எல்லா டெர்மினல்களுக்கும் வெளியே வரச்சொல்லி சர்வரிலிருந்து ஒரு செய்தி போகும். டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, கிழமையின் பெயர் எழுதிய கேசட்டைச் செருகி, டார் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் காத்திருப்பார். நாளுக்கொரு கேசட், வாரத்துக்கொன்று, மாதத்துக்கொன்று: மகன், தந்தை, தாத்தா என்று மூன்று தலைமுறையாகச் சுழலும் முறை அது. பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். தேதி, கேசட் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையெழுத்து. மாதக் கேசட் இன்னொரு கட்டடத்துக்குப் போகும்.

கோளாறும் கண்முன்னே நடந்தது. டிரைவின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு மின்னினால் ஹெட்டில் தூசி படிந்திருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்யும் கேசட்டைப் போட வேண்டும். அப்போதும் விளக்கு அணையாவிட்டால் வேறு கேசட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் சரியாக வராவிட்டால் ஸ்கஸி கேபிளையும் அதன் முனையில் இருக்கும் டெர்மினேட்டரையும் கழற்றி மாட்டுவார்கள். இவற்றுக்குப் பிறகுதான் கட்டளையைச் சந்தேகிப்பார்கள். லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு: எஸ்டி-0, என்எஸ்டி-0. முதல் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தானாக ஆரம்பத்துக்குச் சுருண்டுவிடும். இரண்டாவதில் எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே கேசட்டில் இரண்டு டேட்டாபேஸ்களை அடுத்தடுத்து எழுத நினைத்து அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால், இரண்டாவது முதலாவதின் மேலேயே எழுதப்பட்டுவிடும். இரண்டு முறையும் பிழைச் செய்தி எதுவும் வராது. இதைக் கண்டுபிடிக்க, நாடா ஓடும் சத்தத்தைக் கேட்டுப் பழகிய ஆபரேட்டர் வேண்டும். வேலைகளுக்கு நடுவே நாடா பின்னோக்கிச் சுருள்வது அவர் காதில் விழும்.

அந்தக் காலத்தை இதற்கு மேல் உயர்த்திச் சொன்னால் அது பொய்யாகிவிடும். சாய்கோட்டில் எழுதும் டாட் டிரைவின் சீரமைப்பு சற்றே பிசகினால், அது எழுதிய கேசட்டை அதே டிரைவால் மட்டும் படிக்க முடியும். அந்த டிரைவ் பழுதாகும் நாளில் அலமாரியில் உள்ள அத்தனை கேசட்டும் ஒருசேர ஊமையாகிவிடும். 1998இல் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை ஒவ்வொன்றாக விழுங்கியது. அப்போதுதான், பேக்கப் ஒரு மாதமாகச் சரியாக ஓடவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்த கேலின் சூஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது, படம் பிழைத்தது. ஆள் இருந்த காலத்திலும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கிறது. ஆனால் அன்று அது விதிவிலக்கு. இன்று பேக்கப் நிற்பதே பெரும்பாலும் சத்தமில்லாமல்தான்.

இடையில் நடந்தது, அந்த மனிதரின் இடத்துக்கு ஒற்றை வரி வந்ததுதான். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்களை நிரப்பிப் பின்னால் கட்டளையை எழுதினால் போதும். மீதியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக ஓடியது 1987இல் பால் விக்ஸி எழுதிய வடிவமும் அதன் வழித்தோன்றல்களும். அன்று எழுதிய வரியை இன்றைய சர்வரில் ஒட்டினாலும் ஓடும். கணினித் துறையில் இவ்வளவு நாள் உருமாறாமல் இருப்பவை மிகச் சில. அதன் இடறல்களும் அப்படியே நிலைத்திருக்கின்றன.

"கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை" என்ற முறையீட்டை முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் கேட்டார்கள், இன்று காலையும் ஏதோவோர் அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். காரணங்களும் பெரும்பாலும் அவையேதான். நாம் உள்ளே நுழையும்போது நமக்காக அமைக்கப்படும் சூழல் கிரானுக்குக் கிடைப்பதில்லை. கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்த அடைவுகள் இரண்டோ மூன்றோதான். டேட்டாபேஸை ஒரு கோப்பாக எழுதும் டம்ப் நிரல் வேறோர் அடைவில் இருந்தால் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லிவிடும். கோப்பின் பெயரில் தேதி சேர்க்கச் சதவீதக் குறி போடுவோம். கிரான் அட்டவணையில் அந்தக் குறி வரிமுறிவாகிவிடும், முன்னால் ஒரு பின்சாய்கோடு இல்லாவிட்டால் கட்டளை அங்கேயே துண்டாகும். உபுண்டு 2006இலும் டெபியன் 2011இலும் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் தங்கள் இயல்பு ஷெல்லை பாஷிலிருந்து டாஷுக்கு மாற்றின. பாஷுக்கே உரிய நடையில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் பல, யாரும் கை வைக்காமலே ஒருநாள் நின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருள் தன் கடவுச்சொல் கோப்பை மற்றவர்களும் படிக்க முடிகிற நிலையில் கண்டால் அதைப் புறக்கணித்துவிடும். பின்பு கடவுச்சொல்லைக் கேட்கும். நள்ளிரவில் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியலில் அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு குறைவு. வேறுபாடு இருப்பது, பிழை வந்த பிறகு அந்தச் செய்தி எங்கே போகிறது என்பதில். பழைய கிரான், கட்டளை உதிர்த்த ஒவ்வொரு சொல்லையும் அந்தச் சர்வரிலேயே இருந்த அஞ்சல்பெட்டியில் போட்டுவைக்கும். மறுநாள் காலை ஆபரேட்டர் உள்ளே நுழைந்தவுடன், அஞ்சல் வந்திருக்கிறது என்று திரையில் முதல் வரி தெரியும். இன்று மேகத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பலவற்றில் அஞ்சல் மென்பொருளே இருப்பதில்லை. அஞ்சல் அனுப்ப வழி இல்லை, வெளியீட்டைக் கைவிடுகிறேன் என்று டெபியன், உபுண்டு சர்வர்களில் கிரான் ஒரு வரியை லாகில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பிழை நடந்தது, அது சொல்லவும்பட்டது, கேட்க யாரும் இல்லை. காலையில் உள்ளே நுழைகிறவரும் கிடையாது, ஏனென்றால் நன்றாக நடக்கும் சர்வருக்குள் மாதக்கணக்கில் யாரும் நுழைவதில்லை.

சொல்வதைக் கேட்காமலிருக்க நாமே வழி செய்துகொண்ட கதையும் உண்டு. 2013இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.6 டேட்டாபேஸ், கட்டளை வரியில் கடவுச்சொல்லை எழுதுவது பாதுகாப்பல்ல என்று எச்சரிக்கத் தொடங்கியது. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் பல ஸ்கிரிப்ட்டுகள் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. இரவுதோறும் கிரான் அந்த எச்சரிக்கையை அஞ்சலில் அனுப்பியது. தொல்லை தாங்காமல் பலரும் பிழைகள் வரும் வழியையே டெவ்-நல் என்ற குப்பைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். எச்சரிக்கையோடு சேர்ந்து உண்மையான பிழைகளும் அன்று முதல் அங்கேதான் போயின. 2020 ஜூலையில் வந்த 5.7.31, 8.0.21 பதிப்புகள் டம்ப் எடுக்கும்போது டேபிள்ஸ்பேஸ் விவரங்களுக்கு இன்னோர் அனுமதியைக் கேட்டன. அது இல்லாத பயனர்ப் பெயரில் ஓடிய ஸ்கிரிப்ட்டுகள் பிழை சொல்லத் தொடங்கின. வாய் கட்டப்பட்ட ஸ்கிரிப்ட்டுகளின் சொந்தக்காரர்களுக்கு அது எட்டவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. டம்ப் கட்டளையின் வெளியீட்டை ஜிஜிப்புக்குக் குழாய் வழியே அனுப்பிச் சுருக்குவது எல்லாரும் செய்வது. அந்தக் குழாயின் வெற்றி தோல்வியை ஷெல் தீர்மானிப்பது கடைசிக் கட்டளையை வைத்துத்தான். டம்ப் முதல் விநாடியிலேயே தோற்றாலும் ஜிஜிப் கவலைப்படாது. வெறுமையைச் சுருக்கி ஒரு கோப்பாக்கி, வெற்றி என்று அறிவித்துவிடும். அந்தக் கோப்பின் அளவு 20 பைட். பெயர் சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், நாள்தோறும் புதிதாக ஒன்று பிறக்கும். பழைய கோப்புகளை 14 நாளில் அழிக்கும் வரி ஒன்றும் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் இருக்கும். அது மட்டும் பிசகாமல் வேலை செய்யும். பதினைந்தாம் நாள், உருப்படியான கடைசிப் பிரதியும் போய்விடும். குழாயின் எந்தக் கண்ணி உடைந்தாலும் தோல்வி என்று கொள்ளும் பைப்ஃபெயில் வசதி பாஷ் 3.0 வந்த 2004 முதலே இருக்கிறது. போசிக்ஸ் தரநிலைக்குள் அது நுழைந்தது 2024இல்தான். இடைப்பட்ட 20 ஆண்டுகளில் எழுதப்பட்ட எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகளில் அந்த ஒரு வரி இல்லை.

ஆகவே இன்று கோளாறு பார்க்க உட்காருகிறவர் முதலில் லாகைத் திறக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கோப்புகளின் அளவை வரிசையாகப் பார்த்தால் போதும். நேற்றுவரை மெல்ல ஏறிவந்த எண் எந்தத் தேதியில் சரிந்ததோ, அந்தத் தேதியில்தான் ஏதோ மாறியிருக்கிறது. அடுத்து, டம்பின் கடைசி வரிகள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் டம்ப் முழுதாக முடிந்தால் முடிந்தது என்று இயல்பாகவே கடைசியில் எழுதிவைக்கின்றன. அந்த வரி இல்லாத கோப்பு, எத்தனை ஜிபி இருந்தாலும், பாதியில் அறுந்த கோப்புதான்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். துணை டேட்டாபேஸ் சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். அமேசானின் எஸ்3 சேமிப்பில் இரவுதோறும் சேர்ந்திருக்க வேண்டிய டம்புகளின் இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஸ்கிரிப்ட் ஓட்டியதோ 9.2இன் டம்ப் நிரல். தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து டம்ப் எடுக்க அது மறுக்கும்; மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லக் கிரான் அஞ்சலும் அனுப்பியது. ஆனால் அந்த அஞ்சல்களில் உரிய கையொப்பம் இல்லாததால், டிமார்க் என்ற அஞ்சல் சரிபார்ப்பு விதிப்படி பெறும் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டது. பேக்கப்புக்கும் நகலாக்கத்துக்கும் என்று அவர்கள் வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் எண்ணியபடி கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு, சோதனைச் சர்வருக்காக அதே பொறியாளர் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போயின.

பிக்ஸாரின் கதைக்கும் இதற்கும் 19 ஆண்டு இடைவெளி. இரண்டிலும் காப்பாற்றியது, பேக்கப்புக்காக எடுக்கப்படாத ஒரு பிரதி. ஆனால் கிட்லாப் செய்த ஒன்றை அந்தக் காலம் நினைத்தும் பார்த்திருக்காது: மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், காரணங்களை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அந்தப் பொறியாளரைக் குற்றவாளியாக்கவில்லை. பிக்ஸாரில் நடந்தது வெளியுலகுக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. இந்தத் திறந்த மனத்தை நம் காலத்தின் பெரிய ஈட்டமாக நான் கருதுகிறேன். டம்ப் நிரலின் பதிப்பைச் சரிபார்க்கும் பழக்கம் பலருக்கும் வந்தது அந்த அறிக்கையைப் படித்த பிறகுதான்.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டரில் பேக்கப் ஸ்கிரிப்ட்டே கோப்புகளை அழித்தது. 10 நாளுக்கு மேற்பட்ட லாகுகளை நீக்கும் பகுதியைத் திருத்தி, ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வடிவத்தை அதன் மேல் எழுதினார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்ட்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை; ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் புதிய வடிவத்துக்குத் தாவியதில் மாறிகள் வெறுமையாயின. லாக் அடைவுக்குப் பதில் ஆய்வாளர்களின் கோப்புகள் அழிந்தன. 77 டிபி, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. சர்வரை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. டேப் ஓடும்போது அதை யாரும் கையால் இழுக்க மாட்டார்கள். ஓடும் ஸ்கிரிப்ட் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரவு என்பதும் மாறிப்போனது. ஆள் இல்லாத, விற்பனை இல்லாத இரவில் டேட்டாபேஸை நிறுத்த முடிந்தது. பிறகு இணையக் கடைகள் வந்தன. மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளைப் பூட்டி டம்ப் எடுக்கும் நேரமெல்லாம் தளம் உறைந்து நிற்கும். 2010இல் 5.5 பதிப்பில் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை இயல்பானதும், பூட்டாமலே ஒரே கணத்தின் படத்தை எடுக்க முடிந்தது. போஸ்ட்கிரெஸ் 2005இல் 8.0 பதிப்பிலேயே, வேண்டிய நிமிடத்துக்குத் திரும்பிச்செல்லும் வசதியைத் தந்துவிட்டது. நேற்றிரவுப் பிரதி என்ற பேச்சே போய், பிற்பகல் 3.42க்கு இருந்த நிலை வேண்டும் என்று கேட்கலாம். டேப் காலத்தில் இது கனவு. கூடவே ஒரு சிறு இடையூறும் வந்தது: மேகச் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அதிகாலை 2 மணி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், டம்ப் ஓடுவது இந்திய நேரம் காலை 7.30க்கு. காலையில் சர்வர் ஏன் திணறுகிறது என்று வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

தொலைவும் மலிந்துவிட்டது. 2006இல் எஸ்3 தொடங்கியபோது மாதம் ஒரு ஜிபிக்கு 15 அமெரிக்க சென்ட். இன்று அதன் பொதுவான வகைக்கு 2.3 சென்ட் அளவில். ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தால் பிரதி கடல் தாண்டிப் போய்விடுகிறது. ஆயினும் 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, அதே வளாகத்தில் பேக்கப்பை வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜனில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேர்த்துவந்த ஜி-டிரைவின் 858 டிபி அதில் போயிற்று; அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி இருக்கவில்லை. மாதக் கேசட்டைப் பையில் போட்டு வேறு கட்டடத்துக்கு எடுத்துப்போன அந்த ஆபரேட்டர் செய்தது, இவ்வளவு பெரிய அமைப்புக்குச் செய்யப்படவில்லை.

இப்போது கிரானும் மெல்ல விலகுகிறது. 2023இல் வந்த அமேசான் லினக்ஸில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. சிஸ்டம்டி டைமர்கள் அதன் வேலையைச் செய்கின்றன. கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்று அவை சொல்லும். சர்வர் அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையை எழுந்ததும் செய்யச் சொல்லலாம். பேக்கப் முடிந்ததும் வெளியே ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஸ்கிரிப்ட் ஒரு குறிப்பு அனுப்பும். குறிப்பு வராவிட்டால் அந்தச் சேவை நம்மை எழுப்பும். மௌனத்தையே எச்சரிக்கையாக்கிய இந்த ஏற்பாட்டை எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

டேப் காலத்தின் உண்மையான வறுமை ரீஸ்டோரில் இருந்தது. எடுத்த பிரதி எழுந்து நிற்குமா என்று பார்க்க இன்னொரு சர்வர் வேண்டும். அதன் விலை முதல் சர்வரின் விலை. வாங்க முடிந்த அலுவலகங்கள் குறைவு. ஆகவே சோதனை பெரும்பாலும் விபத்தன்றுதான் நடந்தது. இன்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, நேற்றைய டம்பை அதில் ஏற்றி, அட்டவணைகளை எண்ணி, கடைசி ரசீதின் நேரத்தைப் படித்து, சர்வரைக் கலைத்துவிடலாம். இதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் போதும். அது காலையில் அனுப்பும் செய்தியில், ஏற்ற எத்தனை நிமிடம் ஆனது என்பதும் இருக்கட்டும். கிட்லாப்பில் பிரதியை நகர்த்தவே சுமார் 18 மணி நேரம் ஆகும் என்பது, நகர்த்த வேண்டி வந்த அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்த நிமிடங்கள் இரண்டு மடங்கானால், காரணத்தை ஒரு சாதாரணப் பகலில் உட்கார்ந்து தேடலாம்.